நலம் பரப்பும் பணி: மும்பைத் தாய்மாரிடையே ஒரு சோதனை

மக்களின் உடல்நலப் பழக்கங்களை மாற்றும்பொருட்டு ஒருவர் பொருள் தருகிறார். அப்பொருளைப் பெற்று மற்றொருவர் பணியை நடத்துகிறார். பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவரோ இவ்விருவரின் பெயரையும் கேட்டறியாத மூன்றாமவர்: குழாயடியில் குடம் நிரம்பக் காத்து நிற்கும் ஒரு தாய். வளரும் நாடுகளில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் நலவாழ்வுத் திட்டங்கள் பலவற்றின் அமைப்பு இதுவே. நடுவில் நிற்பவருக்குத் திட்டத் தலைவர் என்று பெயர். பொருள் தந்தவருக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். குழாயடித் தாய்க்கு நன்மை செய்ய வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒரே வழியில் செல்வன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவை பிரிந்து செல்லும் நாளில் அத்தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மும்பையிலேயே, நம்மவர் நிறைந்து வாழும் தாராவியிலும், மாட்டுங்காவையும் சயானையும் அடுத்த குடிசைப் பகுதிகளிலும், செம்பூருக்குக் கிழக்கே கோவண்டி, மான்குர்டுப் பக்கங்களிலும் அத்தகைய பணியொன்று நடந்தது. அதன் முடிவை உலகறிந்த மருத்துவ இதழொன்று 2012-இல் வெளியிட்டது. ஆயினும் அந்தப் பகுதிகளில் வாழும் நம் மக்களுள் மிகச் சிலரே அதனைக் கேள்வியுற்றிருப்பர் என்று நினைக்கிறேன்.

தாராவியை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டிய தேவை இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி நம்மவர் அங்குக் குடியேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. ரயில் பாதையைத் தாண்டினால் மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை. 1947-இல் தொடங்கிய அதற்கு லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது முழுப் பெயர். ஆனால் ரிக்ஷாக்காரரிடம் அப்படிச் சொன்னால் அவர் விழிப்பார். சயான் ஆஸ்பத்திரி என்றால்தான் விளங்கும். தாராவித் தமிழர் வீடுகளில் மூன்று தலைமுறையினர் அங்கே பிறந்திருப்பார்கள்.

அம்மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். பின்னர் அம்மருத்துவமனையின் முதல்வராகவும் இருந்தவர். 1989-இல் ஆசியாவிலேயே முதலாவதான தாய்ப்பால் வங்கியை அவர் அங்கே நிறுவினார். பால் மிகுந்த தாய்மாரிடம் அதனைப் பெற்று, கிருமியகற்றி, குளிர்ப்பதனம் செய்து, தாய் இறந்தோ நோயுற்றோ போன குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் ஊட்டுவதே அவ்வங்கியின் வேலை. இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. தாய்ப்பாலே சிறந்தது என்று சுவரெங்கும் எழுதிவைப்பது எளிது. தாய்ப்பால் கிடைக்க வழியில்லாத குழந்தைக்கு அச்சுவரெழுத்தால் பயனில்லை. அவ்வம்மையார் சுவரெழுத்தோடு நில்லாமல் பாலுக்கும் வழி செய்தார். பின்னால் நான் சொல்லப்போவது அனைத்துக்கும் இவ்வேறுபாடு உதவும்.

மருத்துவமனைக்குள் எவ்வளவு பாடுபட்டாலும், காலந்தாழ்ந்து வந்துசேரும் குழந்தைகளைக் காப்பது அரிதாகவே இருந்தது. குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறப்பதற்கான காரணங்கள் மருத்துவமனை வாயிலுக்கு வெளியே இருந்தன. ஆகவே 1999-இல் ஸ்நேகா என்னும் தொண்டு நிறுவனத்தை அவர் சிலரோடு சேர்ந்து தொடங்கினார். சில ஆண்டுகளில் மும்பை மாநகராட்சி, ஸ்நேகா, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் குழந்தை நல ஆய்வாளர்கள் ஆகியோர் கூடிப் பச்சிளங்குழந்தைகளின் நலனுக்கென ஒரு நகரத் திட்டம் வகுத்தனர். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியைச் சார்ந்த சமூகநல அமைப்பும், இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் பொருள் தந்தன.

திட்டத்தின் கருத்து மும்பையில் முளைத்ததன்று. அது நெடும்பயணம் செய்து வந்தது. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் மலைப்பகுதியான இன்கிசிவி மாகாணத்தில், 1990-களின் தொடக்கத்தில் பெண்களை ஊர்தோறும் கூட்டிப் பேசவைத்தனர். அப்பணிக்கு அம்மக்களின் மொழியில் பெண் என்று பொருள்படும் வார்மி என்பதே பெயர். அங்குப் பேறுகாலத்தை ஒட்டிய குழந்தை இறப்பு பெரிதும் குறைந்ததாகக் கண்டனர். அக்கருத்தை நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்து மலைக் கிராமங்களுக்கு டாக்டர் தர்ம மானந்தரும் லண்டனைச் சேர்ந்த ஆன்டனி காஸ்டெல்லோவும் கொண்டுவந்தனர். உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று மாதர் கூட்டங்களை நடத்தினாள். அவள் உபதேசம் செய்யவில்லை, கேள்வி கேட்டாள். நம் ஊரில் பிள்ளைகள் ஏன் இறக்கின்றன? நம்மால் எதைச் செய்ய இயலும்? பெண்கள் தாமே விடை கண்டனர். ஓர் ஊரார் சிறு நிதி திரட்டினர். ஓர் ஊரார் மலைவழியே நோயாளியைத் தூக்கிச் செல்லத் தூளி போன்ற தூக்குப் படுக்கை செய்தனர். மற்றோர் ஊரார் தூய்மையான பிளேடும் நூலும் சோப்பும் அடங்கிய பேறுகாலப் பைகளைத் தாமே தயாரித்தனர். 2004-இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. கூட்டங்கள் நடந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26. நடவாத ஊர்களில் 37. நம் நாட்டில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் ஏக்ஜுட் என்னும் நிறுவனம் 2005 முதல் 2008 வரை நடத்திய அதே வகைப் பணியில், பிற்பாதி இரண்டாண்டுகளில் அவ்விறப்பு 45 விழுக்காடு குறைந்திருந்தது.

மலைநாட்டில் பலித்தது மாநகரில் பலிக்குமா என்பதே மும்பைத் திட்டத்தின் கேள்வி.

அதனை அறிய மேற்கொண்ட முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் ஆறு வார்டுகளில் 48 குடிசைப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றுள் தாராவி அடங்கிய ஜி-வடக்கு வார்டும், மாட்டுங்காவும் சயானும் அடங்கிய எஃப்-வடக்கு வார்டும், கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டும் உண்டு. குலுக்கல் முறையில் 24 பகுதிகளில் மாதர் கூட்டங்கள் நடத்துவதென்றும், 24 பகுதிகளில் நடத்தாமல் பிறப்பு இறப்புகளை மட்டும் கணக்கெடுப்பதென்றும் முடிவு செய்தனர். நன்மை என்று தெரிந்தும் பாதிப்பேருக்கு மறுப்பதா என்று நேயர்களுள் சிலர் சினம் கொள்ளக்கூடும். நன்மை என்று தெரிந்திருந்தால் அச்சினம் நியாயமே. தெரியாதபோது, இருபுறமும் வைத்து நிறுத்துப் பார்ப்பதைவிட நேர்மையான வழி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாநகராட்சி நலநிலையங்களையும் பிரசவ விடுதிகளையும் செம்மைசெய்யும் பணி தனியே நடந்தது.

கூட்டம் நடத்துபவளுக்குச் சகி என்று பெயர். தோழி என்பது பொருள். அப்பகுதியிலேயே குடியிருப்பவள், உயர்நிலைப் பள்ளி வரை படித்தவள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தன் பகுதியின் ஒவ்வொரு குழுவையும் அவள் கூட்ட வேண்டும். கூடும் இடம் பாலர் பள்ளியாக இருக்கலாம். கோயில் திண்ணையாக இருக்கலாம். பெரும்பாலும் யாரேனும் ஒருத்தியின் பத்தடி அறைதான். படங்கள், கதைகள், விளையாட்டுகள் வழியாகப் பேச்சு தொடங்கும். பிறந்த குழந்தைக்குச் சீம்பால் கொடுக்கலாமா? சேனை தொட்டு வைப்பதால் தீங்குண்டா? உடனே குளிப்பாட்டலாமா? காய்ச்சலும் பால் குடியாமையும் எப்போது ஆபத்து? எந்த மருத்துவமனைக்கு எப்போது செல்வது? இவை நம் வீட்டுப் பெண்கள் மதிய வேளையில் வாயிற்படியில் அமர்ந்து பேசும் செய்திகளே. இத்தகைய குழுக்கள் 244 அமைந்தன. ஏறத்தாழ 2,80,000 மக்கள் வாழும் பகுதிகளில் 2006 முதல் 2009 வரை மூன்றாண்டுகள் கணக்கெடுத்தனர். 18,000-க்கு மேற்பட்ட பிறப்புகள் பதிவாயின. நம் நகரங்களின் குடிசைப் பகுதிகளில் இவ்வளவு பொறுமையாகப் பிறப்பையும் இறப்பையும் எண்ணிய முயற்சிகள் மிகச் சிலவே.

இனி முடிவைச் சொல்கிறேன். கூட்டம் நடந்த பகுதிகளுக்கும் நடவாத பகுதிகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. கருவுற்ற காலத்துப் பரிசோதனையில் வேறுபாடில்லை. உணவிலும் ஓய்விலும் வேறுபாடில்லை. மருத்துவமனையில் பிரசவிப்பதிலும், பிறந்தவுடன் தாய்ப்பால் கொடுப்பதிலும், நோயுற்றபோது உதவி நாடுவதிலும் வேறுபாடில்லை. இறந்து பிறந்த குழந்தைகள் கூட்டம் நடந்த பகுதிகளில் சற்றுக் குறைவு. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவே. முதல் மாதத்தில் இறந்த குழந்தைகளோ அப்பகுதிகளில்தான் மிகுதி. பெண்கள் கூடிப் பேசியதால் பிள்ளைகள் இறந்தன என்று கொள்ள வழியொன்றும் தெரியவில்லை. எனினும் எண் எண்ணாகவே நின்றது. நீனா ஷா மோரே, டேவிட் ஆஸ்ரின் முதலிய ஆய்வாளர்கள் அதனை மறைக்காமலும் மெழுகாமலும் 2012-இல் அச்சிட்டு வெளியிட்டனர்.

நேயர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பொருள் தந்தவருக்கு வேறு வகையில் அறிக்கை எழுதவும் முடிந்திருக்கும். 244 குழுக்கள்; ஆயிரக்கணக்கான கூட்டங்கள்; வந்தமர்ந்த பெண்களின் வருகைப் பதிவேடு; சிரித்த முகத்தோடு வட்டமாக அமர்ந்திருக்கும் புகைப்படங்கள். ஒன்றும் பொய்யாகாது. ஒப்பிட்டுப் பார்க்க 24 பகுதிகளை விட்டுவைத்திராவிட்டால், உண்மையை அறிய வழியே இருந்திராது. வெற்றி என்றே அனைவரும் மனமார நம்பியிருப்பர். நாட்டில் நடக்கும் நலத்திட்டங்கள் எத்தனையோ இப்படித்தான் வெற்றி பெறுகின்றன. நடத்திய கூட்டத்தை எண்ணுவது எளிது. பிழைத்த குழந்தையை எண்ணுவது கடினம். எளியதை எண்ணி அரியதை அடைந்ததாகச் சொல்லிக்கொள்வது இத்துறையின் பழைய வழக்கம். என் கருத்தில் திட்டத் தலைவரின் முதல் தகுதி பேச்சுத் திறமையோ, நன்கொடை திரட்டும் ஆற்றலோ அன்று. தாம் தோற்றதைத் தாமே கண்டறியக்கூடிய ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவைக்கும் துணிவுதான் முதல் தகுதி. அதற்கு ஒப்புக்கொள்ளும் நன்கொடையாளரும் வேண்டும். அது தலைவர் கையில் மட்டும் இல்லை.

ஏன் பலிக்கவில்லை? மக்வான்பூரில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. மருத்துவமனை மலை தாண்டி இருந்தது. தூய பிளேடும் சோப்பும் கைகழுவும் பழக்கமும் அங்கே உயிரைக் காப்பவை. அவற்றைப் பெண்கள் தாமே செய்துகொள்ள முடிந்தது. மும்பைக் குடிசைப் பகுதியிலோ பெரும்பாலான பிரசவங்கள் முன்னமே மருத்துவமனையில்தான் நடந்தன. அங்கே மருத்துவமனை உண்டு என்று எடுத்துச் சொல்லச் சகி வேண்டியதில்லை. அங்கே போனபின் நடப்பதுதான் சிக்கல். சாதாரணப் பிரசவங்களும் பெரிய மருத்துவமனையையே நாடிச் செல்வதால் அங்கே ஒரு கட்டிலுக்கு இருவர். அருகிலுள்ள மாநகராட்சிப் பிரசவ விடுதியோ போதிய வேலையின்றி இருந்தது. அங்கே வந்தவளுக்குச் சிக்கல் நேர்ந்தால், எங்கே அனுப்புவது, எந்த வண்டியில் அனுப்புவது, யாருக்குச் செய்தி சொல்வது என்ற ஒழுங்கு முழுமையாக இல்லை. நடுவே தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு இருவர். அவர்களுள் நல்லவரும் உண்டு, ஊசி ஒன்றே அறிந்தவரும் உண்டு. இச்சிக்கல்களுள் எதையும் பத்தடி அறையில் கூடிய பன்னிரண்டு பெண்கள் பேசித் தீர்க்க இயலாது.

கூட்டத்துக்கு வருபவர் யார் என்பதும் ஒரு கேள்வி. வங்காளதேசம், இந்தியா, மலாவி, நேபாளம் ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளை ஒருசேர நிறுத்துப் பார்த்த கட்டுரை 2013-இல் வெளிவந்தது. கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 30 பேராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் இறப்பு நன்கு குறைந்தது என்பது அதன் முடிவு. கிராமத்தில் ஒருத்தி வந்தால் அவள் ஓரகத்தியும் வருவாள். மாநகரத்திலோ கருவுற்ற பெண் வீட்டிலமர்ந்து பீடி சுற்றிக்கொண்டோ, பாசி கோத்துக்கொண்டோ, பாத்திரம் துலக்க அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்க்கொண்டோ இருப்பாள். வாடகை உயர்ந்தால் குடும்பமே அடுத்த வார்டுக்குப் பெயர்ந்துவிடும். மூன்று மாதம் கூட்டத்துக்கு வந்தவளை நான்காம் மாதம் காணோம். அந்த இடத்தில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த புதுக் குடும்பம் இருக்கும்.

நம்மவருக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் ரயிலேறித் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ போய்விடுகிறாள். தாராவியில் கருவுற்றவள் பாளையங்கோட்டையில் பிள்ளை பெறுகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புகிறாள். சகியின் கேள்விகள் இங்கே, பிரசவம் அங்கே. முதற்பால் கொடுப்பதா சேனை தொடுவதா என்பதைத் தீர்மானிப்பவள் பாட்டி. பாட்டி கூட்டத்துக்கு வந்தவளே இல்லை. இவ்வழக்கம் தவறென்று நான் கூறவில்லை. பத்தடி அறையிலிருந்து அன்னையின் வீட்டுக்குப் போவது பெண்ணுக்குப் பெரிய ஓய்வு. பகுதி வாரியாகத் தீட்டும் திட்டம் இத்தகைய பெண்ணைக் கணக்கில் கொள்ளத் தடுமாறுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

அறிவுரை மட்டும் எங்கே போதும், எங்கே போதாது என்பதற்கு நம் தாய்நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தனர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், ஏறத்தாழ மூன்று மாத காலம், சத்துருண்டை கொடுத்தனர், ஏறியதும் நிறுத்தினர். குழந்தையைத் தராசில் வைத்தால் கண்ணேறு படும் என்ற அச்சம் நம் ஊர்களில் பழையது. அதை வெல்ல ஊர்ப் பெண்ணையே பணியாளராக வைத்தனர். மாதர் குழுக்களைக் கொண்டே உருண்டை பிடிக்கச் செய்தனர். தாய் தன் கண்ணாலேயே தராசின் முள்ளைக் கண்டாள். உருண்டை தின்ற மாதம் அது நகர்ந்ததையும் கண்டாள். சொல்லும் சோறும் ஒன்றாக வந்தன. கடும் ஊட்டக்குறைவு அப்பகுதிகளில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகப் பின்னர் மதிப்பிட்டனர். 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் இதற்கு நேர்மாறான வழியில், நிறுக்காமலே எல்லாக் குழந்தைக்கும் சோறிட்டது. இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. அதனுள் இன்று புகவேண்டாம்.

தாராவியிலேயே இன்னும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரல் முதல் நாள் அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நாடெங்கும் ஒலித்த அறிவுரை இரண்டு: விலகி இருங்கள், அடிக்கடி கைகழுவுங்கள். எட்டுப் பேர் ஓரறையில் உறங்கும் வீட்டில் எங்கே விலகுவது? தெருவே பொதுக் கழிப்பறைக்குச் செல்லும் இடத்தில் வீட்டிலேயே இருங்கள் என்பதற்கு என்ன பொருள்? மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு அலுவலகத்தார் இதனை விரைவில் உணர்ந்தனர். விலகியிருக்க இடமில்லாதவரைப் பள்ளிக் கட்டடங்களுக்கும் மண்டபங்களுக்கும் விளையாட்டரங்குக்கும் கொண்டுபோய், அங்கேயே உணவும் மருத்துவரும் கிடைக்கச் செய்தனர். கழிப்பறைகளை நாள்தோறும் பலமுறை கிருமிநீக்கம் செய்தனர். உள்ளூர்த் தனியார் மருத்துவர்களையே காய்ச்சல் தேடி வீடுவீடாக அனுப்பினர்; தெரிந்த முகம் என்பதால் கதவு திறந்தது. அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர் என்பது உண்மை. மாற்றிக்கொள்ள இடம் கொடுத்த பிறகு மாற்றிக்கொண்டனர் என்பது முழு உண்மை.

மீண்டும் ஸ்நேகாவின் கதைக்கு வருவோம். அம்முடிவு தெரிந்தபின் அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. 2011 முதல் 2015 வரை எம்-கிழக்கு வார்டிலும் குர்லா அடங்கிய எல் வார்டிலும் 40 குடியிருப்புகளில் வேறொரு முறையை மேற்கொண்டனர். இம்முறை கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைத்ததோடு நிற்கவில்லை. குடியிருப்பின் நடுவிலேயே ஒரு மையம் அமைத்து, வீடுதேடிச் சென்று, மெலிந்த குழந்தையைக் கண்டறிந்து கவனித்து, தேவையானவரை மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். இங்கும் பாதிக் குடியிருப்புகளை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தனர். 2017-இல் முடிவு வெளிவந்தது. குடும்பநலச் சாதனங்கள் வேண்டியவருக்குக் கிடைத்தமை மேம்பட்டிருந்தது. தடுப்பூசியிலும் குழந்தை மெலிவிலும் ஐயத்துக்கிடமற்ற வேறுபாடு காணவில்லை. மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு இது முன்னேற்றம். அதனையும் அவ்வளவே என்றுதான் எழுதினர். இடையே 2015-இல் தாராவியில் ஒரு கலைவிழாவும் நடத்தினர். அப்பகுதி மக்கள் கழிவுப் பொருள்களையும் துணிகளையும் மண்ணையும் கொண்டு தம் உடல்நலத்தைப் பற்றிய கலைப்பொருள்களைத் தாமே செய்து காட்டினர். அதனால் எத்தனை நோய் குறைந்தது என்று எவரும் அளக்கவில்லை, அளக்கத் தேவையுமில்லை. எல்லாவற்றையும் தராசில் வைக்க வேண்டியதில்லை என்பதும் என் கருத்து.

மாநகராட்சி நலநிலையங்களைப் பற்றி ஒரு சொல். அவை பெருகியதற்கே 1980-களின் இறுதியில் மும்பைக்கும் சென்னைக்கும் உலக வங்கி கடன் தந்த மக்கள்தொகைத் திட்டம் ஒரு காரணம். அத்திட்டம் முடிந்து நெடுங்காலமாகிவிட்டது. நன்கொடை என்பது ஆண்டு குறித்து வருவது. ஆண்டு முடிந்ததும் போவது. போனபின் சம்பளம் கொடுத்து விளக்கெரிய வைப்பது மாநகராட்சியே. கருவுற்ற பெண்களைத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல் தெருவோர நலநிலையத்திலேயே பரிசோதிக்கும் ஏற்பாட்டை ஸ்நேகா மாநகராட்சியோடு சேர்ந்து செய்ய முயன்றதன் நோக்கம் அதுதான். கூட்டங்களைவிடப் புகைப்படத்துக்கு ஏற்றதல்லாத வேலை. எந்த நிலையத்திலிருந்து எந்த விடுதிக்கு, அங்கிருந்து எந்த மருத்துவமனைக்கு என்று காகிதத்தில் கோடு கிழித்து, அதன்படி ஒரு சீட்டு அச்சிட்டு, அச்சீட்டை மதிக்குமாறு மூன்று இடத்து ஊழியரையும் இணங்கவைக்கும் வேலை. ஆண்டுக்கணக்கில் அதில் மருத்துவர்களும் செவிலியரும் அமர்ந்து பேசினர்.

அச்சீட்டின் நினைவோடு, இவ்வாண்டு மகளையோ மருமகளையோ தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பவிருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். மும்பையில் எழுதிக் கொடுத்த தாய்-சேய் நல அட்டையில் இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, இரத்த வகை, போட்ட ஊசிகள், எடுத்த படங்களின் முடிவு எல்லாம் இருக்கும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு இப்பெண் அன்றுதான் அறிமுகம். அந்த அட்டை ஒன்றே அவளுக்காகப் பேசும். ரயிலேறும் அவசரத்தில் அது மரப்பெட்டிக்குள் புடவைக்கடியில் தங்கிவிடுவதுண்டு. அட்டையின் நகல் ஒன்று செம்பூர் வீட்டில் இருக்கட்டும். மூலம் அவள் கைப்பையில் போகட்டும். குழந்தையோடு அவள் திரும்பும்போது, ஊரில் போட்ட தடுப்பூசிகளை அதே அட்டையில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கே அடுத்த ஊசி எப்போது என்பதை நலநிலையத்தார் அதைப் பார்த்தே சொல்வார்கள்.